பிளெயின்ஸ் ஊரில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

உங்கள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து செய்ய விரும்பும் ஒரு விடயம் என்ன? சபைக்கு வருவது, கடைக்குப் போவது, கல்யாண வீட்டுக்குப் போவது என்று சொல்லக்கூடாது. அவை கடமைகள். பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும், ஒருவரும் கேட்காமல், இருவரும் சேர்ந்து செய்யும் ஏதாவது ஒன்று.

வாலிபர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "சண்டை பிடிக்கிறது, அக்கா" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் வேறு பதில் வரவில்லை.

அந்த மௌனத்தின் காரணம் எங்களுக்குத் தெரியும். இதை எழுதும் நாங்கள் இந்தச் சபையிலிருந்து வைத்தியசாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் தாதி வேலைக்குப் போகிறவர்கள். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள். ஸ்காபரோவில் நாங்கள் வளர்ந்த வீடுகளில் அப்பா இரவு வேலை முடித்து வரும் நேரம் அம்மா காலை வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பார். வாசலில் வைத்துக் கார்ச் சாவி கை மாறும். பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது, பராமரிப்புக்குக் கொடுக்கக் காசும் இல்லை. ஆகவே ஒருவர் பகல், ஒருவர் இரவு. சனிக்கிழமை என்றால் ஒருவருக்கு மேலதிக வேலை, மற்றவருக்குப் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் நீச்சலுக்கும் கணக்கு ரியூசனுக்கும் ஏற்றி இறக்குகிற வேலை. இப்படியே முப்பது வருடம் போனது. வீட்டுக் கடன் முடிந்தது, நாங்களும் பட்டம் பெற்றோம். இப்போது அறுபத்தைந்து வயதில் இருவரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், முதல் தடவையாக விழித்திருக்கிறார்கள். ஒருவர் மேல்மாடியில் ஒரு தொலைபேசியோடு, மற்றவர் கீழே இன்னொரு தொலைபேசியோடு.

இதை நாங்கள் வீட்டில் மட்டுமல்ல, வார்ட்டிலும் காண்கிறோம். முதியவர் ஒருவரை அனுமதிக்கும்போது மருந்துகள், ஒவ்வாமை, பழைய சத்திரசிகிச்சைகள் எல்லாம் கேட்டு எழுதுவோம். பிறகு இன்னொரு கேள்வியும் கேட்போம்: இவருக்கு என்ன பிடிக்கும்? மறதி நோய் உள்ளவராக இருந்தால் இதற்கான பதில் எங்களுக்கு மிகவும் பயன்படும். இரவு இரண்டு மணிக்குப் பதறி எழுந்து சேலைன் குழாயை இழுக்கிற ஒருவரிடம் அவருக்குப் பிடித்த பாட்டையோ, அவர் வளர்த்த மாட்டையோ பற்றிக் கதை கொடுத்தால் பல நேரங்களில் மருந்தில்லாமலே அடங்கிவிடுவார். ஆனால் நம்முடைய ஆட்களிடம் இதைக் கேட்டால், நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் வேலைக்குப் போவார், வந்து படுப்பார். நல்ல மனுசன், பிள்ளை" என்பார். மனைவி கட்டிலில் என்றால் கணவர் சொல்வது, "அவ நல்லாச் சமைப்பா." அன்பில் ஒரு குறையும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த முறை இரத்த அழுத்தம், சர்க்கரை பற்றி எழுதாமல், வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு கணவன் மனைவியின் சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று எழுதுகிறோம். அவர்கள் ஜிம்மி கார்ட்டர், ரோசலின் கார்ட்டர். அமெரிக்காவின் 39ஆவது ஜனாதிபதியும் அவருடைய மனைவியும். 2025 ஜனவரியில் அவருக்கு நடந்த அரச இறுதிச் சடங்கை உங்களில் சிலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

ஜனாதிபதியின் ஓய்வுக்கும் தொழிற்சாலையில் நின்ற நம் அப்பாவின் ஓய்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு அரசாங்க ஓய்வூதியம் இருந்தது, காவலர்கள் இருந்தார்கள், உலகம் சுற்ற வசதி இருந்தது. ஆனால் அவர்கள் வீடு திரும்பிய விதத்தைப் பாருங்கள். 1980 நவம்பரில் தேர்தலில் தோற்று, 1981 ஜனவரியில் பதவி முடிந்து, ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள பிளெயின்ஸ் என்ற சொந்த ஊருக்கு வந்தார்கள். அறுநூறு, எழுநூறு பேர் மட்டும் வசிக்கிற, கச்சான் விளைகிற கிராமம். அவருக்கு 56 வயது, அவருக்கு மனைவியான ரோசலினுக்கு 53. குடும்பத்தின் கச்சான் வியாபாரம் பத்து லட்சம் டொலருக்கு மேல் கடனில் இருந்தது. அதை விற்க வேண்டியதாயிற்று. 1961இல் கட்டிய பழைய வீடு அவர்களுக்காகக் காத்திருந்தது. தோல்வியை ரோசலினால் அவரைவிடக் கஷ்டப்பட்டுத்தான் தாங்க முடிந்தது. கேட்டு வாங்கிய ஓய்வு அல்ல, தள்ளிவிடப்பட்ட ஓய்வு. வேலை பறிபோய் வீட்டில் இருக்கிற அப்பாமாரைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

முதல் வாரங்களில் அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று, வீட்டுப் பரணுக்குப் பலகை அடித்தது. வெள்ளை மாளிகைச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்திருந்தன, வைக்க இடம் இல்லை. விடைபெறும்போது உடன் வேலை செய்தவர்கள் அவருக்குத் தச்சு வேலைக் கருவிகளைத் தந்திருந்தார்கள். அதிலிருந்து அவர் நாற்காலி, மேசை, கட்டில் என்று செய்யத் தொடங்கினார்; நூற்றுக்கு மேல் செய்திருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றிலும் ஒத்துப்போன சோடி அல்ல. 1953இல் அவருடைய தகப்பன் இறந்தபோது, கடற்படை வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவதென்று மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஜிம்மி முடிவெடுத்தார். ஊர் வரும் வழியெல்லாம் காரில் அவரோடு ரோசலின் பேசவில்லை. ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் மகன் மூலமாகச் சொன்னாராம். (நம் வீடுகளிலும் "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று தூது போன பிள்ளைகள் கையை உயர்த்தலாம்.) பிறகு கச்சான் களஞ்சியத்தின் கணக்குகளை ரோசலின் பார்க்கத் தொடங்கினார். சில வருடங்களில் எந்தப் பக்கம் இலாபம், எந்தப் பக்கம் நட்டம் என்று அவரைவிட இவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கேட்டு நடக்கத் தொடங்கினார். அந்தச் சமத்துவம் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஓய்வுக் காலத்திலும் சண்டை வந்தது. இருவரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள், 1987இல் வெளிவந்தது. தலைப்பே, இனி மிச்சமுள்ள வாழ்க்கையை எப்படி நன்றாக வாழ்வது என்பதைப் பற்றியது. அதை எழுதும்போதுதான் கல்யாணமே முறிந்துவிடும்போல இருந்தது! ஒரே நிகழ்ச்சி இருவருக்கும் வேறு வேறு விதமாக ஞாபகம் இருந்தது. அவர் வேகமாக எழுதுவார், இவர் சொல் சொல்லாகத் திருத்துவார். ஒரு கட்டத்தில் நேருக்கு நேர் பேச முடியாமல், ஒரே வீட்டுக்குள் கணினியில் குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது: ஒத்துவராத பந்திகளை ஒருவருக்கே கொடுத்துவிடுவது. அவருடைய பந்திக்கு 'ஜே', இவருடைய பந்திக்கு 'ஆர்' என்று பெயரின் முதலெழுத்து போட்டு அச்சிட்டார்கள். மற்றவர் அதில் கை வைக்கக்கூடாது. சேர்ந்து செய்வதென்றால் ஒரே கருத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை. யாருடைய வரி எது என்று தெரிந்தால் போதும் என்று அவர்களுக்கு அப்போது விளங்கியிருக்கும்.

இனி பொழுதுபோக்குகள். சேர்ந்து செய்யக்கூடியவற்றைத் தாங்கள் வேண்டுமென்றே தேடிக்கொண்டே இருந்தோம் என்று ஜிம்மி பலமுறை சொல்லியிருக்கிறார். 'தேடி' என்பதைக் கவனியுங்கள். தானாக வந்து மடியில் விழவில்லை. பனிச்சறுக்கு கற்றபோது அவருக்கு 62, ரோசலினுக்கு 59. அந்த வயதில் முதல் தடவையாகக் கால்களில் பலகை கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவது என்றால் தாதியராகிய எங்களுக்கு இடுப்பெலும்பு ஞாபகம் வருகிறது; எங்கள் அப்பா அம்மாவை நாங்கள் விடமாட்டோம். வீட்டு வளவிலேயே டென்னிஸ் ஆடினார்கள். ஊருக்குள் சைக்கிள் ஓடினார்கள்.

நாங்கள் படித்ததில் எங்களை மிகவும் பிடித்துக்கொண்டது மீன்பிடிதான். நாம் அறிந்த தூண்டில் போல மண்புழு கோத்துக் கரையில் குந்தியிருப்பது அல்ல. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி ஒரு பூச்சியைப் போலச் செய்து, அதை ஓடும் தண்ணீரின் மேல் மெல்ல விழ வைப்பது. அந்தப் பூச்சிக்குப் பாரமே இல்லை. எறிவதற்கான பாரம் கயிற்றில்தான் இருக்கிறது. அதனால் கையை முன்னும் பின்னும் அசைத்து, கயிற்றைக் காற்றில் நீள விரித்து, சரியான நேரத்தில் விட வேண்டும். இடுப்பளவு குளிர்ந்த ஆற்றில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். எந்தப் பூச்சி இப்போது தண்ணீரில் பிறக்கிறது, ட்ரௌட் மீன் எதைத் தின்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஜோர்ஜியாவின் வடக்கு மலைப்பக்கம், எலிஜே என்ற ஊருக்கு அருகே, ஓர் ஓடைக்கரையில் நண்பர் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து மரக்குடில் ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த தளபாடங்களில் பலவற்றை அவரே செய்தார்.

இதில் ஒரு விசேடம் உண்டு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று இந்த முறையில் மீன் பிடிக்க முடியாது, கயிறு சிக்கிவிடும். ஒருவர் மேல் வளைவில், மற்றவர் கீழ் வளைவில். பல மணி நேரம் பேச்சு இல்லை. ஆனால் ஒரே ஆறு, ஒரே பூச்சி, மாலையில் ஒரே கதை. ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் கொடுப்பதுதான் நீண்ட கல்யாணத்துக்கு முக்கியம் என்பதும் அவர் அடிக்கடி சொன்னது. அதன்படியே அவருக்கு மரவேலைப் பட்டறையும் ஓவியமும் கவிதையும் இருந்தன. ரோசலினுக்கு மனநல வேலைகள் இருந்தன, பிறகு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. 2013இல் பிளெயின்ஸில் அவர் பெயரில் வண்ணத்துப்பூச்சிப் பாதை ஒன்று தொடங்கியது. வீட்டு முற்றங்களிலும் பொது இடங்களிலும் மொனார்க் போன்ற வண்ணத்துப்பூச்சிகளுக்கான செடிகளை நட்டுத் தொடுத்த பாதை.

பறவை பார்ப்பது 1980களின் கடைசியில் ஆபிரிக்கப் பயணமொன்றில் பிடித்த பழக்கம். அதன் பிறகு எந்த நாட்டுக்கு எந்த வேலையாகப் போனாலும், கூட்டம் தொடங்குமுன் விடியற்காலையில் எழுந்து, அந்த ஊர் ஆள் ஒருவரோடு தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்கள் கண்ட பறவை இனங்கள் ஆயிரத்துக்கு மேல். தாதிக் கண்ணால் பார்த்தால் இது நல்ல மருந்து: நடை இருக்கிறது, கழுத்தையும் கண்ணையும் திருப்புகிற வேலை இருக்கிறது, பெயர்களை ஞாபகம் வைக்கிற வேலை இருக்கிறது, "அங்கே பார்" என்று தோளைத் தொட ஓர் ஆள் இருக்கிறார். கடைசியாகச் சொன்னதைச் சோதனைக்கூடத்தில் அளக்க முடியாது.

இரவானால் வேதாகமம். ஒருவர் மாறி ஒருவர் ஓர் அதிகாரம் உரத்து வாசிப்பார்கள். அதையும் ஸ்பானிய மொழியில்! கற்ற மொழி மறந்துபோகாமலிருக்க அந்த வழி. ஒருவர் வெளியூரில் இருந்தால் இருவரும் அதே அதிகாரத்தைத் தனித்தனியே வாசிப்பார்கள். அன்றைய கோபத்தோடு படுக்கப் போவதில்லை என்று ஒரு தீர்மானமும் வைத்திருந்தார்கள். பவுல் எபேசியருக்கு எழுதியதை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள், இவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அவர்களின் சனிக்கிழமை மாலை பெரிய சங்கதி ஒன்றுமில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஒரு சிநேகிதியின் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போவார்கள். கடதாசித் தட்டில் சாப்பாடு. ஊர்க்கதை. பிறகு அதே தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடப்பார்கள், காவலர்கள் பின்னால் வருவார்கள். உலகத் தலைவர்களோடு விருந்துண்டவர்கள் விரும்பிப் போனது அந்தக் கடதாசித் தட்டுக்குத்தான்.

ஞாயிறு மரநாதா பாப்டிஸ்ட் சபை. வழக்கமாக வருகிறவர்கள் முப்பது, நாற்பது பேர் உள்ள சின்னச் சபை. பதினெட்டு வயதில் கடற்படைக் கல்லூரியில் ஞாயிறு பாடசாலை நடத்தத் தொடங்கியவர், தொண்ணூற்றைந்து வயதிலும் அங்கே நடத்தினார். அவர் பாடம் எடுக்கிற ஞாயிறுகளில் வெளியூர்க் கார்கள் விடியுமுன்பே வந்து வரிசையில் நிற்கும். எங்கிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் தொடங்குவார். ஆராதனை முடிந்ததும் கணவனும் மனைவியும் வந்தவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், நூற்றுக்கணக்கானோர் என்றாலும்.

இவை செய்தித்தாளில் வந்தவை. எங்களுக்கு இன்னும் பிடித்தது வேறு. அந்தச் சபையில் புல் வெட்டும் முறை வந்தால் ஜிம்மி புல் வெட்டினார். சுத்தம் செய்யும் முறை வந்தால் ரோசலின் கழிவறையைச் சுத்தம் செய்தார். காணிக்கைத் தட்டுகளை அவரே மரத்தில் கடைந்து கொடுத்தார். சுவரில் இருக்கும் சிலுவையும் அவர் செய்ததே. சபை வேலை என்றால் மேடையேறுவது என்று நினைத்திருக்கும் நம் ஆட்களுக்கு (இளையோரையும் சேர்த்துத்தான்) இதை யாராவது சத்தமாக வாசித்துக் காட்டலாம்.

தாதியர் என்பதால் ஒரு சிறு கிளைக்கதை. ஜிம்மியின் தாய் லில்லியன் ஒரு தாதி. 1927 ஓகஸ்டில் பக்கத்து வீட்டில் ரோசலின் பிறந்தபோது பிரசவம் பார்த்தவரும் அவரே. சில நாள் கழித்து மூன்று வயதாகாத தன் மகனைக் கூட்டிவந்து குழந்தையைக் காட்டினார். பத்தொன்பது வருடம் கழித்து, 1946 யூலை 7இல், அவர்கள் இருவருக்கும் கல்யாணம். அதே லில்லியன் தன் 68ஆவது வயதில் அமைதிப் படைத் தொண்டராக இந்தியாவுக்குப் போய், பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் தாதி வேலை செய்தார். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்பதை மகன் எங்கே கற்றிருப்பார் என்று ஊகிக்கலாம்.

நோய் வந்தபோது அவர்களின் வார இறுதி என்னவாயிற்று? 2015 ஓகஸ்ட் 20ஆம் திகதி, மெலனோமா என்ற புற்றுநோய் மூளையில் நான்கு இடங்களில் பரவியிருக்கிறது என்று ஜிம்மி பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அன்றே கதிர்வீச்சுச் சிகிச்சை. அது வியாழக்கிழமை. ஞாயிறு வந்தது, அவர் ஞாயிறு பாடசாலை எடுத்தார். நோயெதிர்ப்பு மருந்தும் சேர்ந்து வேலை செய்து, டிசம்பரில் கட்டிகள் தெரியவில்லை என்ற செய்தியை முதலில் சொன்னதும் அந்த வகுப்பிலேதான், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. 2019 ஒக்டோபரில் வீட்டில் விழுந்து புருவத்துக்கு மேலே பதினான்கு தையல். அப்படியே நாஷ்வில் நகருக்குப் போய், ஏழைகளுக்கு வீடு கட்டும் வேலையில் கலந்துகொண்டார். அந்த வீடு கட்டும் வேலையும் சோடியாகத் தொடங்கியதுதான்: 1984இல் நியூயோர்க்கில், ஹபிடாட் அமைப்போடு. அதன் பிறகு வருடத்தில் ஒரு வாரம் அதற்கென்றே வைத்து 14 நாடுகளில் கட்டினார்கள். 2006இல் இந்தியாவில் லோனாவலாவுக்கும் வந்தார்கள்.

2023 பெப்ரவரியில் இனி வைத்தியசாலை வேண்டாம், வீட்டில் ஹொஸ்பிஸ் பராமரிப்பு போதும் என்று ஜிம்மி முடிவெடுத்தார். நம் சபையில் ஹொஸ்பிஸ் என்றால் "நாளைக்கு முடிந்துவிடும்" என்று அழத் தொடங்குகிறார்கள். அவர் அதன் பிறகு 22 மாதம் வாழ்ந்தார். நோயை விரட்டுகிற சிகிச்சையை நிறுத்தி, வலியைக் குறைத்து, வீட்டில், தன் ஆட்களோடு இருக்க வைக்கிற பராமரிப்பு அது. எல்லோருக்கும் அத்தனை மாதம் கிடைக்காது, உண்மை. ஆனால் பயந்து பயந்து கடைசி மூன்று நாளுக்கு மட்டும் கேட்பவர்களை நாங்கள் அதிகம் காண்கிறோம்.

அதே வருடம் மே மாதத்தில் ரோசலினுக்கு மறதி நோய் என்று குடும்பம் அறிவித்தது. பராமரிப்பாளர்களுக்காக 1987இல் ஒரு நிறுவனம் தொடங்கியவர், நோயாளியைப் பார்க்கிறவர் தன்னையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று 1994இல் புத்தகம் எழுதியவர். பதின்மூன்று வயதில் இரத்தப் புற்றுநோயால் தகப்பனை இழந்து, தாய்க்குத் துணையாகத் தம்பி தங்கையைப் பார்த்தவர். இப்போது அவரைப் பார்க்க வேண்டிய முறை. இருவரும் அதே 1961ஆம் வருட வீட்டில், ஒன்றாக. செப்டெம்பர் 23, சனிக்கிழமை, ஊரில் கச்சான் திருவிழா. இருவரையும் காரில் ஏற்றி, ஊர்வலத் தெருவால் மெல்லக் கொண்டுபோனார்கள்.

அந்த நவம்பர் 19இல் ரோசலின் போனார், வயது 96. ஜிம்மி 2024 டிசம்பர் 29இல், நூறு வயதில். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வளவிலே, குளத்துக்கருகே வில்லோ மரத்தடியில், பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இங்கே ஆறும் மரக்குடிலும் வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் 65 வயதான கனேடிய வாசிகள் மீன்பிடி உரிமம் வாங்கத் தேவையில்லை. வயதைக் காட்டும் அரசாங்க அடையாள அட்டை கையில் இருந்தால் சரி. யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் வளர்ந்த எத்தனை அப்பாமார் இங்கே முப்பது வருடமாகத் தூண்டில் தொடவில்லை? ரூஜ் பூங்காவில் நடக்கப் பணம் கேட்பதில்லை. சில வீடுகளில் பொழுதுபோக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்கவில்லை என்பதுதான் குறை. மே மாதம் பின்வளவில் கத்தரியும் வெண்டியும் நடுவதும், ஒக்டோபர் வந்தால் கறிவேப்பிலைச் சாடியை ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறு பக்கமுமாகத் தூக்கி உள்ளே வைப்பதும், பிறகு குளிர்காலம் முழுக்க அது பிழைக்குமா என்று தர்க்கப்படுவதும் வேறென்ன?

உங்கள் பங்கு சின்னது, ஆனால் உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. அவர்களின் சனிக்கிழமைகள் எங்கே போயின என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் நீச்சலுக்கும் வயலினுக்கும் போயின. இப்போது கார் உங்களிடம் இருக்கிறது. மூத்த அக்கா, அண்ணாமாருக்கும் சொல்கிறோம்: பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது தாத்தா பாட்டிக்குச் சந்தோசம்தான், ஆனால் ஒவ்வொரு சனியும் காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை என்றால் அது திரும்பவும் மேலதிக வேலை. மாதத்தில் இரண்டு சனியை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். முதல் தடவை கூட்டிப் போங்கள். இரண்டாம் தடவை இறக்கிவிட்டு வந்துவிடுங்கள். "எங்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்பார்கள். அந்தப் பதிலை ஒரு மூன்று தடவைக்காவது காதில் வாங்க வேண்டாம்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அங்கிளும் அன்ரியும் கடந்த குளிர்காலத்தில் மகள் வாங்கிக் கொடுத்த பறவைத் தீனிக் கூண்டைக் குசினி ஜன்னலுக்கு வெளியே கட்டினார்கள். முதல் மாதம் அணில் மட்டும் வந்தது. அணிலைத் துரத்துவதற்காக அங்கிள் காலையிலேயே ஜன்னலடியில் இருக்கத் தொடங்கினார், தேத்தண்ணியோடு அன்ரியும் வந்து இருந்தார். இப்போது குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஒரு கொப்பி இருக்கிறது, இரண்டு கையெழுத்தில். சிக்கடீ, புளூ ஜே, கார்டினல் என்று பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். கார்டினலில் ஆண் சிவப்பு, பெண் மண்ணிறம். தினமும் பின்னேரம் வருகிற சிவப்புக் குருவி ஒன்றுதான் என்கிறார் அங்கிள். இல்லை, இரண்டு வேறு குருவிகள், ஒன்றுக்குக் கொண்டை கொஞ்சம் கலைந்திருக்கிறது, நீங்கள் கண்ணாடி போடாமல் பார்க்கிறீர்கள் என்கிறார் அன்ரி. போன ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் எங்களிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நாங்கள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.